கூடத்திலிருந்து வயல்வெளிக்கு: எண்ணெய் வண்ண ஓவியத்தின் வரலாறு



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் எண்ணெய் வண்ண ஓவியத்தின் வரலாறு. "ஓவியம் வசதி படைத்தவர்கள் வீட்டுச் சங்கதி, பொழுது விடியுமுன் பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்கு அதனால் என்ன?" என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களும் சற்றுச் செவிசாய்க்க வேண்டுகிறோம். வரையத் தகுந்தது எது, தகாதது எது என்று பெரிய மனிதர்கள் ஒரு காலத்தில் தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பை எளிய குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் தூரிகையைக் கொண்டே மாற்றி எழுதினார்கள். அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில், எண்ணெய் வண்ணம் என்றால் என்ன? மண், கல், உலோகம் முதலியவற்றிலிருந்து கிடைக்கும் நிறப்பொடியை எண்ணெயில் குழைத்து அரைத்தால் கிடைப்பதே எண்ணெய் வண்ணம். எல்லா எண்ணெயும் இதற்கு உதவாது. தேங்காய் எண்ணெயைப் பலகையில் தடவினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். ஆளி விதை எண்ணெய், அக்ரூட் கொட்டை எண்ணெய் போன்ற சில மட்டுமே காற்றிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சி இறுகிக் கெட்டியாகும். நம் பால் கொட்டகையில் திராவகம் ஊற்றினால் ரப்பர் பால் உறைந்துவிடுகிறது. எண்ணெய் வண்ணத்துக்கோ எவரும் எதையும் ஊற்ற வேண்டியதில்லை. காற்றே அதை இறுகச் செய்கிறது. ஆனால் அதற்குப் பல நாள்கள் ஆகும். அந்தத் தாமதமே ஓவியனுக்குக் கிடைத்த வரம். ஈரமாக இருக்கும்போதே அவன் ஒரு நிறத்தை இன்னொரு நிறத்தோடு கலக்கலாம், துடைக்கலாம், மேலே மேலே பூசலாம். முதற்பூச்சு மெல்லியதாகவும், மேற்பூச்சுகள் எண்ணெய் மிகுந்தவையாகவும் இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. மாற்றிப் பூசினால், அடியிலுள்ளது பிறகு காய்ந்து சுருங்கும்போது மேலே வெடிப்பு விழும்.

இக்கலையை ஐரோப்பியர் கண்டுபிடித்தனர் என்றே நெடுங்காலம் நூல்களில் எழுதப்பட்டு வந்தது. ஆனால் ஆப்கானிஸ்தானத்தில் பாமியான் என்னுமிடத்தில் பௌத்தர்கள் வாழ்ந்த குகைகளின் சுவர்களில் எண்ணெய் வண்ணம் பூசப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வோவியங்கள் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஐரோப்பாவில் இக்கலையை உச்சத்துக்குக் கொண்டு சென்றவர், 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யான் வான் ஐக் என்பவர்.

இனி, நாம் முன்னே சொன்ன தீர்ப்புக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு அரசரின் ஆதரவில் ஓவியக் கழகம் ஒன்று இருந்தது. 1660களில் அதன் சார்பில் எழுதிய ஃபெலிபியன் என்பவர் ஓவியங்களை மேல், கீழ் என்று வரிசைப்படுத்தினார். தெய்வங்கள், அரசர்கள், போர்கள் ஆகியவற்றைக் காட்டும் ஓவியங்களுக்கு உச்சியில் இடம். மனிதர் முகத்தை வரைவது அதற்குக் கீழே. மரமும் ஆறும் வயலும் காட்டும் இயற்கைக் காட்சி அதற்கும் கீழே. பழம், பாத்திரம், மீன் முதலிய அசையாப் பொருள்களை வரைவது கடைசிப் படி. மனிதர்களைத்தான் தரம் பிரித்தார்கள் என்றால், பானையையும் பழத்தையும்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை!

இந்தக் கடைசிப் படியில் விரும்பிப் போய் உட்கார்ந்தவர் ஷார்டான். 1699ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் அவர். ஒரு திருக்கை மீனை அவர் வரைந்தார். வயிறு கிழிக்கப்பட்டுக் கொக்கியில் தொங்கும் மீன். அதன் கீழே சிப்பிகள். அவற்றின்மேல் கால் வைக்கும் பூனை. பக்கத்தில் ஒரு கத்தி, ஒரு சாடி, சில பாத்திரங்கள். எந்த வீட்டு அடுப்படியிலும் காணக்கூடிய காட்சி. 1728ஆம் ஆண்டில் அந்த ஓவியத்தைக் கண்ட கழகத்தார் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டனர். பின்னர் 1755இல் அக்கழகத்தின் பொருளாளராகவே அவர் உயர்ந்தார். மண் சட்டியின்மேல் விழும் ஒளியையும், செப்புப் பாத்திரத்தின் மங்கிய பளபளப்பையும் எவரும் அதுவரை பாராத பொறுமையோடு அவர் பார்த்தார். அந்தத் திருக்கை மீன் இன்று பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில், அரசர்களின் உருவப் படங்கள் இருக்கும் அதே கட்டடத்தில் இருக்கிறது.

அடுத்து, இயற்கைக் காட்சிக்கு வழக்காடிய ஒருவரைப் பார்ப்போம். அவர் இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்தில் 1776ஆம் ஆண்டு பிறந்த ஜான் கான்ஸ்டபிள். தந்தை மாவு ஆலை நடத்தியவர். காற்றாலை ஓட வேண்டுமானால் காற்று எப்பக்கம் வீசுகிறது, மேகம் எப்படிக் கூடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். வானத்தைப் பார்க்கும் பழக்கம் கான்ஸ்டபிளுக்குப் பிறந்த வீட்டுச் சீதனம் எனலாம். 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனுக்கு அருகிலுள்ள ஹாம்ஸ்டெட் குன்றில் நின்று அவர் மேகங்களை மட்டும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தள்ளினார். பல படங்களின் பின்புறத்தில் நாள், நேரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார்.

ஆனால் அவருடைய பெரிய ஓவியங்கள் திறந்தவெளியில் முடிக்கப்பட்டவை அல்ல. வெளியில் சிறிய அளவில் வரைந்தவற்றை அவர் லண்டனிலிருந்த தமது ஓவியக்கூடத்துக்குக் கொண்டு வருவார். பிறகு அவற்றைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு, ஆறடி அகலத் துணியில் மாதக்கணக்கில் உழைப்பார். அப்படி உருவானதே 1821ஆம் ஆண்டு காட்சிக்கு வந்த 'வைக்கோல் வண்டி' என்னும் ஓவியம். ஆழமில்லாத ஆற்றைக் கடக்கும் ஒரு வண்டி, ஒரு குடியானவன் வீடு, மேகம் நிறைந்த வானம், அவ்வளவுதான். லண்டனில் அதை வாங்க ஆள் இல்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1824இல், பாரிஸ் கண்காட்சியில் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது.

வெளியிலேயே வரைந்து முடிப்பதில் அப்போது என்ன சிரமம் என்று நீங்கள் கேட்கலாம். வண்ணத்தை எடுத்துச் செல்வதே பெருஞ்சிரமம்! அரைத்த வண்ணத்தை அக்காலத்தில் பன்றியின் சிறுநீர்ப்பையில் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்றார்கள். வேண்டியபோது ஊசியால் குத்திப் பிதுக்க வேண்டும். பிறகு அந்தத் துளையை அடைக்க வேண்டும். சரியாக அடைக்காவிட்டால் உள்ளே காற்றுப் புகுந்து வண்ணம் இறுகிவிடும். பயணத்தில் பொட்டலம் வெடித்துத் துணிமணியெல்லாம் பாழாவதும் உண்டு.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர். 1841ஆம் ஆண்டில், நசுக்கினால் மடங்கக்கூடிய மெல்லிய உலோகக் குழாய் ஒன்றைச் செய்து அவர் காப்புரிமை பெற்றார். இன்று நாம் பற்பசை பிதுக்கும் குழாய்க்கு முன்னோடி அதுவே. அந்தக் குழாய் எந்த உலோகத்தால் ஆனது தெரியுமா? நம் நாட்டார் ஈயம் என்று சொல்லும் வெள்ளீயத்தால்! பேராக் மாநிலத்தின் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்தார்களே, அதே உலோகம். வெள்ளீயம் வண்ணத்தைக் கெடுக்காது, துருப்பிடிக்காது, விரலுக்கு வளைந்து கொடுக்கும். விரைவில் அதற்குத் திருகு மூடியும் வந்தது. அதன்பின் ஓவியன் இருபது நிறங்களை ஒரு சிறு பெட்டியில் அடுக்கி, தோளில் மாட்டிக்கொண்டு, எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம் என்றாயிற்று.

அப்படி நடந்தவர்கள் பலர் போய்ச் சேர்ந்த இடம், பாரிஸ் நகருக்குத் தெற்கேயுள்ள ஃபோன்டேன்புளோ காடு. அதன் ஓரத்தில் பார்பிசோன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே தங்கிய ஓவியர்களுள் தலையானவர் தியோடர் ரூசோ. அவருடைய ஓவியங்களை அரசாங்கக் கண்காட்சி ஆண்டுக்காண்டு ஒதுக்கித் தள்ளியது. அவரோ அக்காட்டின் பழைய ஓக் மரங்களை, ஒவ்வொன்றையும் ஓர் ஆளைப் பார்ப்பது போலப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். அம்மரங்களை வெட்டத் தொடங்கியபோது, ரூசோவும் அவர் நண்பர்களும் அவற்றைக் காக்கும்படி அரசுக்கு விண்ணப்பம் செய்தனர். அதன் பயனாக, 1861ஆம் ஆண்டில் ஆயிரம் ஹெக்டருக்கு மேற்பட்ட காட்டை அழகின் பொருட்டே பாதுகாக்கும் ஆணை பிறந்தது. உலகில் இயற்கையைக் காக்க எழுந்த முதல் சட்டங்களுள் இதுவும் ஒன்று. கூர்ந்து பார்த்தவர்களுக்குத்தான், பார்த்ததைக் காக்கவும் மனம் வருகிறது!

ரூசோவுக்கு அடுத்த தலைமுறையில் வந்தவர் கமீல் பிசாரோ. 1830ஆம் ஆண்டு கரிபியக் கடலிலுள்ள ஒரு தீவில் பிறந்து, பிரான்சில் குடியேறியவர் அவர். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, குடும்பத்தோடு லண்டனுக்குத் தப்பிச் சென்றார். அவர் வீட்டில் எதிரிப் படையினர் தங்கினர். போர் முடிந்து வந்து பார்த்தால், அவர் அரும்பாடுபட்டு வரைந்த ஓவியங்களில் பெரும்பகுதி அழிந்து போயிருந்தது. சேறு காலில் படாமல் நடக்க, அவற்றைத் தோட்டத்தில் விரிப்பாகப் போட்டிருந்தார்களாம். நாற்பது வயதைக் கடந்த, கையில் காசில்லாத குடும்பத் தலைவர் அவர். என்றாலும் பொன்துவாஸ் என்ற ஊருக்குக் குடிபோய், மறுபடியும் வயல்வெளியில் தூரிகையோடு நின்றார். 1874ஆம் ஆண்டு நண்பர்களோடு சேர்ந்து பாரிசில் சொந்தமாகக் கண்காட்சி நடத்தினார். அங்கே வந்த விமரிசகர் ஒருவர், இவர் முட்டைக்கோஸ் தோட்டங்களை விரும்பி வரைகிறாரே என்று குறைபட்டுக்கொண்டார். பிசாரோ முட்டைக்கோஸை விடவில்லை.

அவரிடம் கற்றுக்கொள்ள வந்த இளைய ஓவியர் போல் செசான். பிரான்சின் தென்பகுதியில் ஏக்ஸ் நகரில் 1839ஆம் ஆண்டு பிறந்தவர். 1872 முதல் இருவரும் வயலோரங்களில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே காட்சியை வரைந்தனர். பிறகு சொந்த ஊர் திரும்பிய செசான், ஊருக்குக் கிழக்கேயுள்ள ஒரே மலையை முப்பது தடவைக்கு மேல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். மலை ஒன்றுதான், ஆனால் காலை ஒளி வேறு, மாலை ஒளி வேறு. அவர் நின்ற இடமும் வேறு. ஆகவே ஒரு படம் போல் இன்னொரு படம் இல்லை.

மழை நாளிலும் குளிர் நாளிலும் அவர் ஓவியக்கூடத்தில் இருந்து ஆப்பிள்களை வரைந்தார். ஒரு மேசை, சுருங்கிய துணி, ஒரு சாடி, நாலைந்து பழங்கள். மிக மெதுவாக வரைவார். படம் முடியுமுன் பழம் அழுகிவிடும். மலையைப் பார்த்த அதே கண்ணோடு ஆப்பிளைப் பார்த்தார்; ஆப்பிளிடம் கற்ற உருவத் திண்மையை மலைக்குக் கொண்டு போனார். வெளியில் கண்ணுக்குப் பயிற்சி, கூடத்தில் சிந்தனைக்குப் பயிற்சி என இரண்டும் ஒன்றுக்கொன்று துணை நின்றன. 1906ஆம் ஆண்டு அக்டோபரில், வெளியில் வரைந்துகொண்டிருந்தபோது பெருமழையில் சிக்கி நினைவிழந்து வீழ்ந்தார். வண்டியில் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். ஒரு வாரத்தில், தமது 67ஆம் வயதில் காலமானார். 20ஆம் நூற்றாண்டின் புதுமை ஓவியர்கள் பலர் அவரையே தங்கள் வழிகாட்டியாகக் கொண்டார்கள்.

நேயர்களே, கடைசிப் படியில் வைக்கப்பட்ட பானையும் பழமும் முட்டைக்கோஸும் மேலே வந்தது எதனால்? சிலர் அவற்றைச் சலிக்காமல் உற்றுப் பார்த்ததால்தான். நம் பள்ளியில் பிள்ளைகளிடம் "இயற்கைக் காட்சி வரையுங்கள்" என்றால், பெரும்பாலும் ஒரே படந்தான் வருகிறது. இரண்டு மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை! ஜன்னலுக்கு வெளியே நிரை நிரையாக நிற்கும் பால்மரங்களும், செம்பனை ஓலையின் நிழலும், லயத்துக் கொடியில் காயும் துணியும் அவர்கள் தாளில் ஏறுவதில்லை. அவை வரையத் தகுந்தவை அல்ல என்று யார் சொன்னார்கள்? எவரும் சொல்லாமலே பிள்ளைகள் அப்படி நினைத்துக்கொள்கிறார்களே, அதுதான் நமக்குக் கவலை. தன் வீடும் தன் தாய் தகப்பன் கைபட்ட பொருளும் பார்க்கத் தகுந்தவை என்று நம்பாத பிள்ளை, தன்னை மட்டும் எப்படி மதிக்கும்?

பெற்றோர்களே, எண்ணெய் வண்ணம் விலை அதிகம். அதை வாங்கித் தாருங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஒரு பென்சிலும் ஒரு தாளும் தொடக்கத்துக்குப் போதும். பால் எடுக்கும் மங்கையும் உளியையும் கழுவி, வாசலோரம் ஒரு பலகையில் வையுங்கள். ஒளி ஒரு பக்கமிருந்து விழட்டும். பிள்ளை அரைமணி நேரம் அதைப் பார்த்து வரையட்டும். தவறினால் அழித்து வரையட்டும். அந்த அழிப்பானுக்கும் ஒரு வரலாறு உண்டு. பென்சில் கோட்டை இது நன்றாக அழிக்கிறது என்று, 1770ஆம் ஆண்டு வெளியான ஓர் ஓவிய நூலில் ஜோசஃப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கில அறிவியலறிஞர் குறிப்பிட்டிருக்கிறார். தேய்த்து அழிப்பதால்தான் ஆங்கிலத்தில் அதற்கு 'ரப்பர்' என்ற பெயரே வந்தது. நம் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட அந்த மரத்தின் பால், உலகத்து ஓவியர்களின் மேசைக்கு அப்போதே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த மேசைக்கு நம் பிள்ளைகளும் போய்ச் சேரட்டும்.