சொக்கவைத்த சொற்கள்: ஆங்கிலத்தில் அழகும் உறக்கமும்

கவர்ச்சியைக் குறிக்கும் 'கிளாமர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இலக்கணத்தைக் குறிக்கும் 'கிராமர்' என்ற சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அரிதாக இருந்த இடைக்கால ஐரோப்பாவில், ஏட்டுக் கல்வியையும் மந்திர வித்தையையும் பொதுமக்கள் வேறுபடுத்திப் பார்க்கவில்லை. அதனால் இலக்கணத்தின் பெயர்மீது மாயத்தின் பொருளும் ஏறிக்கொண்டது. ஸ்காட்லாந்தில் அச்சொல்லின் ரகரம் லகரமாகத் திரிந்தது. 18ஆம் நூற்றாண்டில் 'கிளாமர்' என்றால் கண்கட்டு வித்தை. வால்டர் ஸ்காட் 1805இல் வெளியிட்ட 'தி லே ஆஃப் தி லாஸ்ட் மின்ஸ்ட்ரல்' என்ற நெடுங்கவிதை அதை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுசேர்த்தது. அங்கும் அதன் பொருள் மந்திரம்தான். திரை நட்சத்திரங்களின் தோற்றப் பொலிவுக்கு அது பெயரானது 20ஆம் நூற்றாண்டில்.

இது தனித்து நிற்கும் நிகழ்வு அன்று. அழகையும் உறக்கத்தையும் சுட்டும் ஆங்கிலச் சொற்கள் பலவும் இதே வழியில் நடந்திருக்கின்றன. வெளியிலிருந்து வந்து மனிதரை ஆட்கொள்ளும் ஆற்றலையோ, பலரும் கூடி உணரும் இன்பத்தையோ குறித்தவை, தனிமனித உடலின் தன்மையைக் குறிப்பவையாகச் சுருங்கின.

'பிரிட்டி' என்ற சொல்லைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் அது தந்திரக்காரரைக் குறித்தது. பிறகு கைத்திறன் உடையவர், நேர்த்தியானவர் என்று பொருள் நகர்ந்து, 15ஆம் நூற்றாண்டளவில் அழகுக்கு வந்து சேர்ந்தது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சு வழியே 'பியூட்டி' நுழைந்தது. அழகைக் குறித்த பழஞ்சொற்களில் தப்பிப் பிழைத்தது 'ஃபேர்'. வானிலை, பேச்சு என மனத்துக்கு இனிய எதையும் சுட்டிய அச்சொல், நாளடைவில் வெளுத்த தோலையும் குறித்தது. அந்தப் பொருளின் சுமையை நாமும் சுமந்தோம். இந்தியச் சந்தையில் 1975இல் அறிமுகமான 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு, தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை நீக்கியது 2020இல்தான்.

உறக்கத்தின் பக்கம் இந்த மாற்றம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. கெட்ட கனவைக் குறிக்கும் 'நைட்மேர்' என்ற சொல்லில் உள்ள 'மேர்' பெண்குதிரை அன்று. தூங்குபவரின் மார்பில் ஏறி அமர்ந்து மூச்சை அடைக்கும் துர்ஆவி. தமிழ்நாட்டில் 'அமுக்குவான் பேய்' என்று சொல்கிறார்களே, ஏறத்தாழ அதே அனுபவம். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதி இந்தச் சொல்லின் திருப்புமுனையைக் காட்டுகிறது. அதில் ஆவி, சொற்பிறப்புக் குறிப்போடு நின்றுவிடுகிறது. பொருள் விளக்கமோ, நெஞ்சில் பாரம் ஏறியதுபோன்ற ஓர் உடல்நலக் குறைவைப் பேசுகிறது. ஆனாலும் பேய் எளிதில் அகலவில்லை. ஹென்றி ஃபூசெலி 1781இல் தீட்டி, மறு ஆண்டு லண்டன் ராயல் அகாதமியில் காட்சிக்கு வைத்த 'தி நைட்மேர்' ஓவியத்தில், உறங்கும் பெண்ணின் மேல் அது குந்தியிருக்கிறது. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒரு குதிரையும் எட்டிப் பார்க்கிறது.

'டிரீம்' கடந்த தூரம் பெரிது. பழைய ஆங்கிலத்தில் அதே வடிவிலிருந்த சொல்லுக்கு மகிழ்ச்சி, இசை, விருந்துக் கூடத்தின் ஆரவாரம் என்று பொருள். கனவுக்கு அன்று வழங்கிய சொல் 'ஸ்வெஃபன்'. வடமொழி 'ஸ்வப்ன'வும், அதிலிருந்து தமிழ் பெற்ற 'சொப்பன'மும் அதற்கு உறவு. ஆங்கிலம் 'ஸ்வெஃபனை' இழந்தது. 13ஆம் நூற்றாண்டளவில் 'டிரீம்' அந்த இடத்துக்கு வந்தது.

இழந்த வேர் கிரேக்கத்தின் வழியே திரும்பி வந்ததுதான் வியப்பு. உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'ஹிப்னாஸ்' அதே குடும்பத்தைச் சேர்ந்தது. மான்செஸ்டரில் பணியாற்றிய மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு, 1843இல் வெளியிட்ட நூலில் 'ஹிப்னாடிசம்' என்ற பெயரை நிலைநாட்டினார். அதுவரை இன்னொருவரின் காந்த சக்தி செய்வதாக நம்பப்பட்ட மயக்கத்தை, நரம்பு மண்டலத்தின் செயலாக விளக்கினார் அவர்.

இரு சொற்குடும்பங்களும் சந்திக்கும் இடம், 19ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்த 'பியூட்டி ஸ்லீப்'. நள்ளிரவுக்கு முன் உறங்கும் உறக்கமே அழகைக் காக்கும் என்ற நம்பிக்கை பெற்ற பெயர் அது. 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு, இந்தச் சொல்லையே தலைப்பாகக் கொண்டது. நன்றாக உறங்கிய பின்னும், 31 மணி நேரம் விழித்திருந்த பின்னும் 23 பேரைப் படமெடுத்து, 65 பேரிடம் காட்டினார்கள். உறக்கமிழந்த முகங்கள் களைப்பும் நலக்குறைவும் கூடியவையாக, கவர்ச்சி குறைந்தவையாக மதிப்பிடப்பட்டன. மந்திரம் இருந்த இடத்தில் அளவுகோல் வந்துவிட்டது.

தமிழில் 'சொக்கு' என்ற சொல் வேறு கதை சொல்கிறது. மதுரையில் கோயில் கொண்ட அழகன் சொக்கநாதர். மயக்கி வசப்படுத்துவது சொக்குப்பொடி. தூக்கம் வந்தால் கண் சொக்குகிறது. ஆங்கிலம் தனித்தனியே பிரித்துவிட்ட அழகும் மாயமும் உறக்கமும் தமிழில் இந்த ஒரு சொல்லில் இன்றும் வழக்கில் உள்ளன.