அஞ்சறைப் பெட்டியும் ஐதராபாத்தும்

பணியின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ ஊர்விட்டு ஊர் பெயரும் தமிழ்க் குடும்பம் கட்டும் முதல் மூட்டையில் அஞ்சறைப் பெட்டிக்குத் தவறாமல் இடமுண்டு. சீரகமும் ஓமமும் சுக்கும் மிளகும் பெருங்காயமும் சுவைக்கென மட்டும் அமைந்தவை அல்ல. வீட்டின் முதல் மருந்தகமும் அவையே. குழந்தை வயிறு உப்பி அழுதால் பெருங்காயத்தை நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவுவதும், விருந்துண்ட வயிறு மந்தமானால் ஓமத்தைக் காய்ச்சி வடித்துத் தருவதும் நம் பாட்டியர் ஏட்டில் எழுதாமலே கற்பித்த மருத்துவம். அம்மருத்துவம் புதிய ஊரில், புதிய உணவின் நடுவே, எவ்வாறு நிலைத்தது, எங்கே தடுமாறியது என்பதை ஐதராபாத்தில் வாழும் தமிழராக நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது நூலன்று. எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் எம் பேர்த்திக்கு வயிற்றுப் பொருமலும் மெலிவும் சோகையும் தொடர்ந்து கண்டன. குருதியையும் குடலையும் சோதித்த மருத்துவர், இது சீலியாக் நோய் எனக் கூறிக் கோதுமையை அறவே விலக்கச் சொன்னார். சப்பாத்தி, ரவை, மைதாப் பண்டங்கள் யாவும் வீட்டைவிட்டு வெளியேறின. மெலிவு குறைந்தது, சோகை தணிந்தது, ஆயினும் பொருமல் முற்றும் நீங்கவில்லை. "வாயுதானே, இதற்கு எதற்கு டாக்டர்?" என்று எம் இல்லாள் நாள்தோறும் இருவேளை பெருங்காய மோர் கொடுக்கத் தொடங்கினார். மருந்து ஏற ஏறப் பொருமலும் ஏறியது! அதன் காரணத்தைக் கூறுமுன், கோதுமை நம் இலைக்கு வந்த வரலாற்றைச் சற்று நோக்குதல் வேண்டும்.

1798ஆம் ஆண்டில் நிஜாம் கிழக்கிந்தியக் கம்பெனியாரோடு துணைப்படை உடன்படிக்கை செய்துகொண்டார். அதன்பின் உசேன் சாகர் ஏரிக்கு வடக்கே படைவீடு அமைந்தது. 1806இல் நிஜாம் சிக்கந்தர் ஜா பெயரால் அவ்விடம் செகந்திராபாத் ஆயிற்று. சென்னைப் படையினரோடு தமிழரும் வந்து குடியேறினர். பின்னர் இரயில்வேயும் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் மேலும் பலரை ஈர்த்தன. இவர்கள் அரிசி உண்பவராகவே வந்தனர். தக்காணத்துச் சிற்றூர் மக்களோ சோளம் உண்டனர். ஜொன்ன ரொட்டெ என்று தெலுங்கர் வழங்கும் சோள ரொட்டியே இம்மண்ணின் பழைய ரொட்டி. ஷீர்மாலும் நானும் ஹலீமும் நகரத்தாரின் விருந்துணவாக விளங்கின. இவை மூன்றும் கோதுமையால் ஆனவை.

தமிழர் கோதுமைக்குப் பழகியதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று வியப்பானது. 1918ஆம் ஆண்டில் நீலகிரியின் குன்னூரில், மக்கர்ரிசன் என்னும் ஆங்கில அரசின் மருத்துவர், பெரிபெரி நோயை ஆராயும் சிறு கூடம் ஒன்றைத் தொடங்கினார். அங்கே எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவைத் தனித்தனியே ஊட்டி ஒப்பிட்டார். சீக்கியரின் கோதுமை ரொட்டியும் பாலும் காய்கறியும் உண்ட எலிகள் செழித்தன. சென்னை மாநிலத்தின் அரிசியுணவை உண்டவை மெலிந்தன. தீட்டிய அரிசியின் குறையும், பாலும் கீரையும் போதாமையுமே உண்மைப் பாடம். ஆனால் "அரிசி தாழ்ந்தது, கோதுமை உயர்ந்தது" என்பதே பலர் மனத்தில் பதிந்தது. 1942இல் பர்மா சப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டுக் கடைகளில் கோதுமை தோன்றிற்று. 1956இல் அமெரிக்காவோடு செய்த பி.எல். 480 உடன்பாட்டின்படி கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கியது. இரவில் சப்பாத்தி உண்பது நாகரிகமும் ஆயிற்று, நீரிழிவுக்குப் பத்தியமும் ஆயிற்று.

அக்குன்னூர்க் கூடமும் நம்மைப்போலவே இடம்பெயர்ந்தது. 1958இல் ஐதராபாத்துக்கு வந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. இன்றும் தார்நாகாவில் இயங்குகிறது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக விளங்கியவர். தமிழகத்தினின்று வந்து இம்மண்ணில் வேரூன்றிய அறிவுக் குடும்பம் என்றே அதனைக் கூறலாம்.

கோதுமையில் பிசைந்த மாவுக்கு இழுவை தரும் பசைப்புரதம் ஒன்றுண்டு. அதனைக் குளூட்டன் என்பர். பார்லியிலும் ரை தானியத்திலும் அதன் இனப் புரதங்கள் உள. ரை என்பது நம் கம்பு அன்று. ஐரோப்பியரின் குளிர்நாட்டுத் தானியம். 1888இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ சீலியாக் நோயின் தன்மையை விளக்கி எழுதினார்; காரணம் அவருக்குப் புலப்படவில்லை. அதனை மெய்ப்பித்தவர் டச்சு நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் பஞ்சம் சூழ்ந்து ரொட்டி அரிதாயிற்று. எல்லாரும் வாடிய அக்காலத்திலும் இந்நோயுற்ற குழந்தைகள் மோசமாகவில்லை என்பது அவருடைய ஐயத்தை வலுப்படுத்தியது. 1950இல் தம் ஆய்வேட்டில் கோதுமையே குற்றவாளி என நிறுவினார்.

2016இல் வெளிவந்த இந்திய ஆய்வொன்று நமக்கு மிகவும் வேண்டுவது. வடபுலத்தில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தென்புலத்தில் ஆயிரத்துக்கு ஒருவராகவும் இந்நோய் காணப்பட்டது. நோய்க்கு இடந்தரும் மரபுக்கூறு எல்லாப் பகுதிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது; பெரிதும் வேறுபட்டது உண்ணும் கோதுமையின் அளவே. புலம்பெயர்ந்து உணவை மாற்றிக்கொண்ட குடும்பங்கள் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.

இனி மூலிகைக்கு வருவோம். வயிற்றுப் பொருமலுக்கு மருந்து தேடும் ஐதராபாத் தமிழருக்கு அயலாரின் மருத்துவமும் கைக்கெட்டும் தொலைவில் உண்டு. சார்மினாரின் அருகே நிஜாமியா யூனானி மருத்துவமனை நிற்கிறது. யூனானியார் பொருமலுக்குத் தரும் ஜவாரிஷ் கம்மூனி என்னும் இலேகியத்தின் பெயரை ஆராய்ந்தால், கம்மூன் என்பது சீரகத்தைக் குறிக்கும் அரபுச் சொல். 1920இல் ஹக்கீம் மொயிசுத்தீன் பாரூக்கி இந்நகரில் உருவாக்கிய ஜிந்தா திலிஸ்மாத் என்னும் தைலம் சளிக்கும் வயிற்றுவலிக்கும் இன்றும் இங்கே வீடுதோறும் இருப்பது. அதில் யூகலிப்டஸ் தைலத்தோடும் கற்பூரத்தோடும் சேரும் தைமால் என்பது ஓமத்திலும் உள்ள காரமான சத்து. ஹக்கீமின் புட்டியும் பாட்டியின் ஓமநீரும் ஒரே செடியின் குணத்தை நாடுகின்றன! பேகம் பஜாரின் கடைகளில் தமிழ்ப் பெண்டிரும் உருதுப் பெண்டிரும் ஒரே சாக்கிலிருந்து ஓமம் வாங்குகின்றனர்.

அஞ்சறைப் பெட்டியின் பொருள்களுள் பெருங்காயம் ஒன்றே அயல்நாட்டுச் சரக்கு. ஆப்கானித்தானம், ஈரான் ஆகிய நாடுகளின் வறண்ட மலைச்சரிவில் வளரும் செடியின் வேரினின்று வடியும் பால் இறுகிப் பெருங்காயம் ஆகிறது. இந்தியாவில் அதனைப் பயிரிடும் முயற்சியே 2020 அக்டோபரில்தான் இமாசலத்தின் லாகூல் பள்ளத்தாக்கில் தொடங்கிற்று. தூய பெருங்காயத்தின் காரமும் மணமும் தாங்கவொண்ணாதவை. ஆகவே கோந்தும் மாவும் கலந்து கூட்டுப் பெருங்காயமாக விற்பது நெடுநாள் வழக்கம். சிலவற்றில் அம்மாவு அரிசிமாவு. பலவற்றில் கோதுமை மாவு.

எம் இல்லத்துப் புதிர் விடுபட்டது இங்கேதான். ஒருநாள் டப்பாவைக் கையிலெடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சேர்பொருள் வரிசையைப் படித்தோம். கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம் என்று அச்சிட்டிருந்தது. மறைத்தவர் எவருமில்லை, படிக்காதது நம் குற்றமே. வாயிலால் விரட்டிய கோதுமையை நாமே மோரில் கலந்து ஊட்டியிருக்கிறோம். எம் இல்லாள் நெடுநேரம் பேசவில்லை. அன்போடு கொடுத்தது என்பதனாலேயே அவருக்கு வலி மிகுந்தது. பெருங்காயத்தை நிறுத்தினோம். மருத்துவர் சொற்படி சில காலம் பாலையும் குறைத்தோம். புண்பட்ட குடலுக்குப் பாற்சர்க்கரை எளிதில் செரிக்காது என்றார். சில வாரங்களில் பொருமல் அடங்கிற்று. இரண்டில் எது எவ்வளவு உதவிற்று எனப் பிரித்துக் கூற இயலாது. ஆயினும் சீலியாக் நோயருக்குச் சிறிதளவு கோதுமையும் கேடு என்பதில் ஐயமில்லை.

இந்நிகழ்ச்சி கற்பித்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். சீரகம், ஓமம், சுக்கு, மிளகு ஆகியவை இயல்பில் கோதுமைப் புரதம் அற்றவை. முழுதாக வாங்கி வீட்டில் பொடித்தால் கலப்புக்கு அஞ்சும் இடம் குறையும். பெருங்காயம் சேரும் சூரணங்களை வாங்குவோர் எவ்வகைப் பெருங்காயம் என வினவுதல் வேண்டும். குளிர்ச்சிக்கெனத் தரும் பார்லிக் கஞ்சியும் இந்நோயருக்கு ஆகாது. நோயின் ஐயம் எழுந்தவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடுதலும் தவறு. நிறுத்தியபின் செய்யும் சோதனை நோயைக் காட்டாமற் போகலாம். உணவுக்கோ, நம் அரிசியும் கேழ்வரகும் தினையும் இம்மண்ணின் சோளமும் இருக்கக் குறையேது? ஆயினும் ஒன்றையே பற்றுதல் கூடாது. சோளத்தையே நம்பி வாழ்ந்த தக்காணத்து ஏழைகளுக்குப் பெல்லாகிரா நோய் வந்ததை 1960இல் எடுத்துரைத்தவர் அதே டாக்டர் கோபாலனும் அவர் துணைவர் ஸ்ரீகாந்தியாவுமே.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரம் வகுத்தார். அதில் ஒரு மூலிகையின் பெயரும் இல்லை. உண்ணும் அளவையும், உண்டது அற்றதை அறிதலையும், நோயின் முதலை நாடுதலையுமே அவர் வற்புறுத்தினார். எம் வீட்டிலோ முதலை நாடாமல் மருந்தை நாடினோம். இன்றும் எம் அஞ்சறைப் பெட்டியில் ஓமமும் சீரகமும் சுக்கும் தம் தம் இடத்தில் உள்ளன. பெருங்காயத்தின் அறையும் வெறுமையாக இல்லை. அரிசிமாவு சேர்த்த பெருங்காயம் அதில் உறைகின்றது. அதன் பொட்டலத்தை இப்பொழுது முதலில் படித்துப் பார்ப்பவள் எம் பேர்த்தியே.