ஒரே அச்சில் 2,710 கப்பல்கள்



தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில் கேட்டான்: "சார், இரண்டாம் உலகப் போரை ஜெயிக்க வைத்தது எது சார்? டாங்கியா, விமானமா, அணுகுண்டா?" நாள் முழுக்க சரக்குக் கப்பலோடு மல்லுக்கட்டுகிறவன் கேட்கிற கேள்வியா இது! "உன் பிழைப்பிலேயே பதில் இருக்குடா, பதிவாகவே போடுகிறேன்" என்றேன். கொஞ்சம் நீளம்தான். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1940-க்குப் போவோம். பிரான்ஸ் விழுந்துவிட்டது. பிரிட்டன் தனித்து நிற்கிறது. அது ஒரு தீவு. கோதுமை, இறைச்சி, பெட்ரோல், இரும்புத்தாது எல்லாம் கடல் வழியாகத்தான் வரவேண்டும். ஜெர்மன் நீர்மூழ்கிப் படைத் தளபதி டோனிட்ஸ் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். பிரிட்டனின் போர்க்கப்பல்களோடு மோத வேண்டியதே இல்லை, சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டே இருந்தால் போதும் என்பது அவர் கணக்கு. கட்டுவதைவிட வேகமாக மூழ்கடித்தால் பிரிட்டன் பட்டினியால் பணிந்துவிடும். ஒரு தொட்டியில் ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொன்று காலி செய்கிறது என்று ஏழாம் வகுப்பில் கணக்குப் போட்டீர்களே, அதேதான். தொட்டிக்குப் பதில் அட்லாண்டிக் கடல்.

கட்டும் குழாயைப் பெரிதாக்க பிரிட்டனில் வழியில்லை. கப்பல் கட்டும் தளங்கள் எல்லாம் போர்க்கப்பல் வேலையில் மூழ்கிக் கிடந்தன. அதனால் 1940 இலையுதிர் காலத்தில் ஒரு சிறு குழு அமெரிக்கா போனது. தலைமை தாங்கியவர் சண்டர்லாண்ட் நகரத்துக் கப்பல் கட்டும் குடும்பத்தைச் சேர்ந்த சிரில் தாம்சன். கையில் ஒரு சாதாரணச் சரக்குக் கப்பலின் வரைபடம். 60 கப்பலுக்கு ஒப்பந்தம் பேசி முடித்துவிட்டு, டிசம்பரில் 'வெஸ்டர்ன் பிரின்ஸ்' கப்பலில் ஊர் திரும்பினார். அந்தக் கப்பலையே ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோ போட்டு மூழ்கடித்தது! நடுக்கடலில், டிசம்பர்க் குளிரில், உயிர்காப்புப் படகில் பல மணி நேரம் தவித்து உயிர் பிழைத்தார் மனிதர். ஒப்பந்தக் காகிதங்கள் இருந்த கைப்பெட்டியை மட்டும் விடவில்லை.

அந்த வரைபடத்தைத்தான் அமெரிக்கர்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றி 'லிபர்ட்டி' கப்பல் ஆக்கினார்கள். நீளம் 441 அடி, அகலம் 57 அடி, ஐந்து சரக்கறைகள், சுமார் 10,000 டன் சரக்கு. அழகு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே படத்தைப் பார்த்துவிட்டு, பார்க்கச் சகிக்கவில்லை என்ற பொருளில் சொன்னாராம். பத்திரிகைகள் அசிங்கமான வாத்துக்குஞ்சு என்றே பெயர் வைத்தன. வேகம் 11 நாட், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர். நம்மூர் டவுன் பஸ் முந்திவிடும்.

ஏன் இவ்வளவு மெதுவான கப்பல்? அந்தக் காலத்திலேயே பழசாகிப்போன நீராவி எஞ்சினை வேண்டுமென்றே பொருத்தினார்கள். நவீன டர்பைன் எஞ்சினுக்கு நுட்பமான பற்சக்கரங்கள் வேண்டும். அவற்றைச் செய்யும் தொழிற்சாலைகளைப் போர்க்கப்பல்கள் பிடித்துக்கொண்டிருந்தன. பழைய எஞ்சினைப் பல ஊர்ப் பட்டறைகளில் செய்யலாம், புதிதாக வந்த ஆளும் சீக்கிரம் ஓட்டக் கற்றுக்கொள்வான், ரிப்பேரும் எளிது. இந்தக் கதையிலேயே மிகப் புத்திசாலித்தனமான முடிவு இதுதான் என்பது என் எண்ணம். சிறந்த கப்பல் எது என்று அவர்கள் கேட்கவில்லை. இன்றைக்கு நம்மிடம் இருக்கிற ஆட்களையும் பட்டறைகளையும் வைத்து எந்தக் கப்பலைக் கட்ட முடியும் என்று கேட்டார்கள்.

முதல் கப்பல் 'பேட்ரிக் ஹென்றி', 1941 செப்டம்பர் 27-ல் பால்டிமோரில் நீரில் இறங்கியது. அதைக் கட்டி முடிக்க 244 நாள் ஆனது. பிறகு சராசரி 42 நாளுக்கு வந்துவிட்டது. எப்படி?

கப்பல் கட்டுவது அதுவரை வீடு கட்டுவது மாதிரி. முதலில் ஏரா, பிறகு விலா எலும்புகள் மாதிரி சட்டங்கள், அதன்மேல் ஒவ்வொரு தகடாக வைத்து ரிவெட் அடிப்பது. எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக. ரிவெட் அடிப்பவர் கைதேர்ந்தவராக இருக்கவேண்டும். ஹென்றி கைசர் என்ற ஒப்பந்தக்காரர் ஹூவர் அணை கட்டிய கூட்டணியில் இருந்தவர். கப்பல் தொழிலில் பழம்பெருமை எதுவும் இல்லாதவர். அது நல்லதாகப் போயிற்று. கலிபோர்னியாவின் ரிச்மண்டில் அவர் அமைத்த தளங்களில், கப்பலின் பெரும் பகுதிகளைத் தனித்தனியாகத் தரையிலேயே செய்து, கிரேனால் தூக்கிக்கொண்டு வந்து பொருத்தினார்கள். ரிவெட்டுக்குப் பதில் வெல்டிங். அண்ணாந்து பார்த்துப் பற்றவைப்பது கடினம், குனிந்து செய்வது எளிது. ஆகவே பல பகுதிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தே பற்றவைத்தார்கள். இதனால் கடலையே பார்க்காத விவசாயியும் கடையில் நின்ற பெண்ணும் சில வாரப் பயிற்சியில் வெல்டர் ஆனார்கள். 1940-ல் ஏறக்குறைய 24,000 பேர் இருந்த ரிச்மண்டில் மூன்றே ஆண்டில் 90,000 பேருக்கு மேல். வேலை தேடித் தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவர் அவர்களில் நிறைய. ஆனால் தொழிற்சங்கம் அவர்களைச் சமமாகச் சேர்க்க மறுத்து, தனிக் கிளையில் ஒதுக்கி வைத்தது. விடுதலை என்று பெயர் வைத்த கப்பலைக் கட்டும் இடத்திலேயே!

1942 நவம்பரில் ரிச்மண்டில் 'ராபர்ட் பியரி' என்ற கப்பலை, ஏரா வைத்ததிலிருந்து 4 நாள் 15 மணி நேரத்தில் நீரில் இறக்கினார்கள். அது ஒரு விளம்பரச் சாகசம், தினமும் அப்படி நடக்கவில்லை. ஆனாலும் 1943-ல் மட்டும் 1,200-க்கும் மேல் லிபர்ட்டி கப்பல்கள் முடிந்தன. நாளொன்றுக்கு மூன்றுக்கும் மேல்! 1942-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் ஆயிரத்துக்கும் அதிகமான கப்பல்களை மூழ்கடித்திருந்தன. அடுத்த ஆண்டே தொட்டிக் கணக்கு திரும்பிவிட்டது. கட்டும் குழாய் மட்டுமே இதைச் சாதிக்கவில்லை. ரேடார், நீண்டதூர விமானங்கள், பாதுகாப்புக் கப்பல்கள், ரகசியக் குறியீட்டை உடைத்தவர்கள் எல்லோரும் சேர்ந்து காலி செய்யும் குழாயை அடைத்தார்கள்.

வேகத்துக்கு விலையும் இருந்தது. 1943 ஜனவரியில், கைசரின் இன்னொரு தளத்தில் கட்டிய 'ஸ்கெனெக்டடி' என்ற புது எண்ணெய்க் கப்பல், அலையில்லாத நீரில் கரையோரம் நின்றபடியே இரண்டாகப் பிளந்தது. லிபர்ட்டிகளிலும் நூற்றுக்கணக்கில் விரிசல்கள். அதே ஆண்டு நவம்பரில் 'ஜான் பி. கெய்ன்ஸ்' கடலில் உடைந்து 10 பேர் இறந்தார்கள். எல்லோரும் வெல்டர்களைத்தான் திட்டினார்கள். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி ஆராய்ந்து, அந்த எஃகே குளிரில் நொறுங்கும் தன்மை பெறுகிறது என்று காட்டினார். வெல்லப்பாகு சூடாக இருக்கும்போது இழுத்தால் வளையும், ஆறிய பின் தட்டினால் சில்லுச் சில்லாக உடையும் அல்லவா? ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு நின்றுவிடும், துணிக் கிழிசல் தையலில் நிற்பது மாதிரி. வெல்டிங் செய்த கப்பல் முழுக்க ஒரே தகடு. கிழிசல் ஓடிக்கொண்டே இருக்கும். சரக்கறை வாயின் சதுர மூலைகளில்தான் பெரும்பாலும் தொடங்கியது. மூலைகளை வளைவாக்கினார்கள், விரிசலைத் தடுக்கும் பட்டைகளை ரிவெட் அடித்தார்கள். இன்ஜினியரிங் படித்த பிள்ளைகளுக்கு இது பாடமாகவே வந்திருக்கும்.

நம் நாட்டுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஒரு துயரமான தொடர்பு உண்டு. ஏப்ரல் 14 அன்று தீயணைப்பு வாரம் தொடங்கும், பள்ளிக்குத் தீயணைப்பு வண்டி வந்து செய்முறை காட்டுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? 1944-ல் அதே நாள், பம்பாய் விக்டோரியா துறையில் 'ஃபோர்ட் ஸ்டிக்கீன்' என்ற கப்பல் நின்றது. அதே சண்டர்லாண்ட் வரைபடத்தை வைத்துக் கனடாவில் கட்டியது, லிபர்ட்டிக்குப் பங்காளி முறை. ஏறக்குறைய 1,400 டன் வெடிமருந்து, அதோடு கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகள், தங்கக் கட்டிகள் வேறு. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றுவார்களா? போர்க்காலத்தில் இடத்துக்கு அவ்வளவு பஞ்சம். பஞ்சில் தீப்பிடித்து, மாலை 4 மணிக்கு மேல் அடுத்தடுத்து இரண்டு பெருவெடிப்புகள். துறைமுகமே அழிந்தது. இறந்த நூற்றுக்கணக்கானோரில் 66 தீயணைப்பு வீரர்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம்.

இந்தக் கப்பல்களில் போனவர்களைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. 1942 செப்டம்பர் 27, முதல் லிபர்ட்டி இறங்கிச் சரியாக ஒரு வருடம். தென் அட்லாண்டிக்கில் 'ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ்' என்ற லிபர்ட்டி, 'ஸ்டியர்' என்ற ஜெர்மன் தாக்குதல் கப்பலிடம் மாட்டியது. எதிரியிடம் ஆறு பெரிய பீரங்கிகள். இவர்களிடம் பின்புறம் ஒரே ஒரு நாலு அங்குலப் பீரங்கி. சரணடையவில்லை. பீரங்கிக்காரர்கள் விழுந்த பிறகு, எட்வின் ஓஹாரா என்ற 18 வயதுப் பயிற்சி மாணவன் மீதமிருந்த ஐந்து குண்டுகளையும் சுட்டுவிட்டு உயிரை விட்டான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் வயசு! இரண்டு கப்பல்களும் மூழ்கின. படகில் 31 நாள் மிதந்து பிரேசில் கரை சேர்ந்தவர்கள் 15 பேர்.

ஆனால் இவர்கள் சிப்பாய்கள் அல்ல என்று சொல்லி, போர் முடிந்ததும் படைவீரர்களுக்குக் கிடைத்த படிப்பு உதவி, வீட்டுக்கடன் எதுவும் அமெரிக்க வணிக மாலுமிகளுக்குத் தரவில்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியே 1988-ல்தான் வந்தது. இருபது வயதில் கப்பல் ஏறியவனுக்கு அப்போது அறுபதுக்கு மேல். பலர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வெந்த நம் நாட்டு லாஸ்கர் மாலுமிகளின் நிலை இன்னும் மோசம். வெள்ளைக்காரர் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு, அதே டார்பிடோ.

2,710-ல் மிஞ்சியவை மிகச் சில. பால்டிமோரில் 'ஜான் டபிள்யூ. பிரவுன்', சான்ஃபிரான்சிஸ்கோவில் 'ஜெரமையா ஓபிரையன்'. இந்த இரண்டாவது கப்பல் 1944-ல் நார்மண்டிக்குச் சரக்கு சுமந்தது. 1994-ல் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு வயதான மாலுமிகளே ஓட்டிக்கொண்டு மறுபடியும் அங்கே போனது. 'டைட்டானிக்' படத்தில் எஞ்சின் அறைக் காட்சிக்கு இதன் எஞ்சினைத்தான் படம் பிடித்தார்கள். கலிபோர்னியாவில் நம் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேராவது இருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு போய், அந்த எஞ்சின் அறைக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, எனக்கும் இரண்டு படம் அனுப்புங்கள்.