வனிலா ஆர்க்கிடும் எட்மண்ட் அல்பியசும்

ஆர்க்கிடு குடும்பத்தில் ஏறத்தாழ 28,000 இனங்கள் இருப்பதாகத் தாவரவியலாளர் கணக்கிடுகின்றனர். பெரும்பாலானவை பூவின் அழகுக்காகவே வளர்க்கப்படுகின்றன. துருக்கி நாட்டில் சில நில ஆர்க்கிடுகளின் கிழங்கை மாவாக்கிச் சூடான பானம் செய்வதுண்டு. ஆனால் உணவுப் பொருளுக்காகப் பெரிய அளவில் தோட்டமிட்டுப் பயிராக்கப்படுவது வனிலா ஒன்றுதான். அந்தப் பயிர் உலகெங்கும் பரவக் காரணமானவர் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் ஒருவன்.

தாயகமும் வளரும் முறையும்

வனிலா மெக்சிகோவின் வெப்பக் காடுகளைச் சேர்ந்த கொடி. கணுக்களில் தோன்றும் பற்றுவேர்களால் மரத்தைப் பிடித்துக்கொண்டு, நம் ஊர் மிளகுக்கொடி போலவே மேலேறும். அரை நிழலும் ஈரக் காற்றும் வேண்டும். ஆர்க்கிடுகளின் விதைகள் தூசியைப் போல நுண்ணியவை. முளைப்பதற்குத் தேவையான உணவு அவற்றில் இல்லை. ஒருவகைப் பூஞ்சையின் துணை இருந்தால்தான் இயற்கையில் முளைக்கும். இதை பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் 1899இல் கண்டறிந்தார். எனவே தோட்டக்காரர்கள் வனிலாவைத் தண்டு வெட்டி நட்டே பெருக்கினர். நட்ட மூன்றாம் ஆண்டு வாக்கில் பூக்கும்.

மெக்சிகோவின் டோட்டோனாக் மக்கள் வனிலாக் காயின் பயனை அறிந்திருந்தனர். அஸ்டெக் மக்கள் அதைக் கொக்கோ பானத்தில் சேர்த்தனர். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாகக் காய் ஐரோப்பாவுக்குச் சென்றது. பின்னர் கொடியும் சென்றது. பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் வனிலா வணிகம் மெக்சிகோவின் கையிலேயே இருந்தது.

பூக்கும், காய்க்காது

காரணம் பூவின் அமைப்பில் இருக்கிறது. செம்பருத்தியில் மகரந்தத்தாளும் சூலகமுடியும் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வகுப்பில் அந்தப் பூவைக் காட்டிப் பாடம் நடத்துவது எளிது. ஆர்க்கிடில் இரண்டும் ஒன்றிணைந்து ஒரே தூணாக இருக்கும். வனிலாவில் மகரந்தத் திரளுக்கும் சூலகமுடிக்கும் இடையே சிறு நாக்கு போன்ற மடல் ஒன்று மறைத்துக்கொண்டிருக்கிறது. மெக்சிகோக் காடுகளில் சில தேனீக்கள் இந்தத் தடையைத் தாண்டி மகரந்தத்தைச் சேர்க்கின்றன. அவை இல்லாத ஊரில் பூ காலையில் விரிந்து பிற்பகலில் வாடிப்போகும். அந்த அரை நாளுக்குள் சேர்க்கை நடக்காவிட்டால் காய் இல்லை.

பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சார்ல் மோரன் என்ற பேராசிரியர் 1836இல் கண்ணாடி வீட்டுக் கொடியில் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆனால் அது அறிஞர்களின் சோதனையாக நின்றதே தவிர, தோட்டங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

எட்மண்டின் கைவினை

இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு அன்று பூர்போன் என்ற பிரெஞ்சுக் குடியேற்றம். அங்குள்ள செயின்ட் சூசான் என்ற ஊரில் 1829இல் எட்மண்ட் பிறந்தான். தாய் மெலீஸ் ஓர் அடிமைப்பெண்; மகனைப் பெற்றபோதே இறந்துவிட்டாள். அடிமை என்பதால் சிறுவனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. செடி வளர்ப்பில் ஈடுபாடு கொண்ட பெல்லியர் போமோன் என்ற பண்ணையார் அவனைத் தன்னுடன் வைத்துக்கொண்டார். எழுதப் படிக்கக் கற்பிக்கவில்லை; செடிகளைப் பற்றி மட்டும் சொல்லிக்கொடுத்தார். பூசணி இனத்துக் கொடி ஒன்றில் ஆண்பூவைப் பெண்பூவோடு சேர்ப்பதும் அப்படிக் கற்றதுதான்.

1841இல் ஒரு நாள் இருவரும் தோட்டத்தில் நடந்து சென்றபோது, பல ஆண்டுகளாகக் காய்க்காத வனிலாக் கொடியில் காய்கள் தொங்குவதைப் பண்ணையார் கண்டார். "நான்தான் செய்தேன்" என்றான் எட்மண்ட். அவர் நம்பவில்லை. சில நாளில் மேலும் ஒரு காய் பிடித்தது. செய்துகாட்டச் சொன்னார். சிறுவன் பூவின் இதழை விலக்கினான். மெல்லிய குச்சியால் அந்த நாக்கு மடலைத் தூக்கினான். பெருவிரலால் மகரந்தத் திரளைச் சூலகமுடியின்மேல் அழுத்தினான். வேலை சில நொடிகளில் முடிந்தது.

செய்தி பரவியது. எட்மண்டைப் பிற பண்ணைகளுக்கு அனுப்பி அங்குள்ள அடிமைகளுக்கும் கற்பிக்கச் செய்தனர். 1848இல் சுமார் 50 கிலோவாக இருந்த தீவின் வனிலா ஏற்றுமதி, 1898இல் 200 டன் அளவை எட்டியது. ரீயூனியனிலிருந்து இந்தப் பயிர் மடகாஸ்கருக்குச் சென்றது. இன்று உலகின் முதன்மை உற்பத்தியாளர் அந்நாடுதான்.

கண்டுபிடித்தவர் யார்?

1848 டிசம்பர் 20இல் தீவில் அடிமை முறை ஒழிந்தது. எட்மண்டுக்கு அல்பியஸ் என்ற குடும்பப் பெயர் சூட்டப்பட்டது. அது லத்தீனில் வெண்மையைக் குறிக்கும் சொல்லை ஒட்டியது; கறுப்பின இளைஞனுக்கு இப்படியொரு பெயரை வைத்தவரின் மனத்தில் என்ன இருந்ததோ! பெயர் கிடைத்தது; பங்கு எதுவும் கிடைக்கவில்லை. நகரத்துக்குச் சென்று சமையற்கட்டில் வேலை பார்த்தார். நகைத் திருட்டு ஒன்றில் சிக்கிச் சிறை சென்றார். வனிலாவுக்கு அவர் செய்த பணியைச் சுட்டிக்காட்டிச் சிலர் மனுச் செய்ததால், தண்டனைக் காலம் முடியுமுன் விடுதலையானார்.

இதற்கிடையில் தீவின் தாவரவியலாளர் ழான் மிஷேல் ரிஷார், அந்த முறையைத் தாமே முன்பு அங்கே செய்துகாட்டியதாகவும் சிறுவன் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்றும் கூறினார். பெல்லியர் போமோன் இதை மறுத்துக் கடிதம் எழுதினார். முறை முன்பே தெரிந்திருந்தால் மற்றப் பண்ணைகள் எட்மண்டை ஏன் வரவழைக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. மோரன் முந்தியவர் என்பது உண்மை. ஆனால் லியேஜ் நகரத்து ஆய்வு ஓர் எழுத்தறியாச் சிறுவனை எட்டியிருக்க வழியில்லை. இது தனித்த கண்டுபிடிப்பு என்பதே பொருத்தமான முடிவாகத் தோன்றுகிறது. தம் அடிமையின் பெயரை மறைக்காமல் எழுதிவைத்த பண்ணையாரையும் பாராட்ட வேண்டும். அவர் எழுதாவிட்டால் நமக்கு இது தெரிந்திராது.

எட்மண்டுக்கு உதவித்தொகை கோரிய வேண்டுகோள் பலிக்கவில்லை. 1880 ஆகஸ்டில் செயின்ட் சூசானில் வறுமையில் இறந்தார்.

பின்னர்

1874இல் ஜெர்மானிய வேதியியலாளர் டீமனும் ஹார்மனும் ஊசியிலை மரச்சாற்றிலிருந்து வனிலின் தயாரித்தனர். இன்று ஐஸ்கிரீமில் நாம் சுவைப்பது பெரும்பாலும் செயற்கை வனிலினே. இயற்கைக் காய் கொடியிலேயே எட்டு ஒன்பது மாதம் முற்ற வேண்டும். பறித்தபோது மணமிராது, வெந்நீரில் அமிழ்த்தி, போர்த்தி வியர்க்கவிட்டு, மாதக்கணக்கில் உலர்த்திய பின்னரே கறுத்து மணக்கும்.

2000ஆம் ஆண்டுக்குப்பின் விலை உச்சத்தில் இருந்தபோது கேரளம், கர்நாடகம், தமிழ்நாட்டு உழவர்களும் வனிலா நட்டனர். விலை சரிந்ததும் பலர் கைவிட்டனர். அந்நாளில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் பெண்கள் விடியற்காலையில் ஈர்க்குச்சியால் பூக்களைத் தொட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். ரீயூனியனில் இவ்வேலைக்கு 'கல்யாணம் செய்துவைத்தல்' என்றே பெயர். முறைக்கு 'எட்மண்டின் கைவினை' என்று பெயர்.