தேவலோகத்தில் கலகம்

ஷாங்காய் அனிமேஷன் திரைப்பட நிலையம் தயாரித்த சீன முழுநீள அனிமேஷன் படம். முதல் பாகம் 1961இலும் இரண்டாம் பாகம் 1964இலும் முடிந்தன. இயக்குநர் வான் லைமிங். சீனாவின் முதல் முழுநீள அனிமேஷன் படமான ‘இரும்பு விசிறி இளவரசி’யை (1941) தம்பியுடன் சேர்ந்து எடுத்தவர் இவரே.

‘மேற்கு நோக்கிய பயணம்’ நாவலின் தொடக்க அத்தியாயங்களே கதை. வானரராஜன் சுன் வூகொங் கடலரசனிடமிருந்து மந்திரத் தண்டத்தைப் பெறுகிறான். தேவலோகத்தில் குதிரை லாயப் பதவி தந்து ஏமாற்றியதை அறிந்து பொங்கி எழுகிறான். நாவலில் புத்தர் அவனை அடக்குவார்; படத்திலோ வெற்றியோடு தன் மலைக்குத் திரும்புகிறான். இந்தத் துணிச்சலான மாற்றமே படத்தின் உயிர்.

மஞ்சள் சட்டை, சிவப்புக் கால்சட்டை, இடுப்பில் புலித்தோல்: சில கோடுகளிலேயே வூகொங் எழுந்து நிற்கிறான். அவன் பாயும்போதும் சட்டென நிற்கும்போதும் பீக்கிங் இசைநாடகத்தின் தாளக்கருவிகள் கூடவே அதிர்கின்றன.

கலாசாரப் புரட்சிக் காலத்தில் படம் முடக்கப்பட்டது. பின்னாளில் வீடியோ நாடாவிலும் வட்டுகளிலும் வீடுகளுக்கு வந்து புதிய தலைமுறைகளைச் சென்றடைந்தது. 2012இல் முப்பரிமாணத்துக்கு மாற்றிய, அகலத்திரைப் பதிப்பு வெளியானது. வண்ணங்கள் அதில் பளிச்சிடுகின்றன. ஆனால் மூலத்தின் நீளமும் சட்டக அமைப்பும் அதில் இல்லை. முதன்முறை பார்ப்பவர்கள் பழைய சட்டக அளவிலான, இரு பாகங்களும் அடங்கிய பதிப்பையே தேடிப் பார்க்க வேண்டும்.