நிழல் தீட்டிய கரங்கள்

கார்ட்டூன் படம் என்ற அளவில், சிரிப்பும் துள்ளலும் நிறைந்த சிறுவர் வேடிக்கை என்றே பெரும்பாலோர் எண்ணுவர். பூனை எலியைத் துரத்தும். எலி பூனையை ஏய்க்கும். அடியுண்டு வீழ்ந்தது மறுகணமே எழுந்து ஓடும். அவ்வகைப் படங்கள் தரும் இன்பத்தை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் இக்கலையின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் வியப்பான ஓர் உண்மை புலனாகின்றது. தலைமுறை கடந்தும் மக்கள் தேடிப் பிடித்துக் காணும் சித்திரப் படங்களுள் பல, இருள் செறிந்த படங்களாகவே இருக்கின்றன. அச்சமும் பிரிவும் மரணமும் அவற்றில் இடம்பெறுகின்றன. குழந்தைப் பருவத்தில் அவற்றைக் கண்டு நடுங்கியவர்களே, வளர்ந்தபின் தம் மக்களை அழைத்து வந்து காட்டுகின்றனர். இக்கவர்ச்சி எங்ஙனம் நிலைபெற்றது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இதற்கு விடை காண, முதலில் தொழில் முறையை அறிதல் வேண்டும். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தையே இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்தினாலும், விநாடிக்குப் பன்னிரண்டு சித்திரங்கள் தேவை. பழைய முறைப்படி, ஓவியர் தாளில் பென்சிலால் வரைந்ததை, மற்றொருவர் கண்ணாடி போன்ற செல்லுலாய்டுத் தகட்டில் மையால் படியெடுப்பார். வேறொருவர் தகட்டின் பின்புறத்தில் வண்ணம் தீட்டுவார். பின்னணி ஓவியத்தின்மீது அத்தகட்டை வைத்து, ஒவ்வொரு சட்டமாகப் படம் பிடிப்பர். பட்டப்பகலில் நிற்கும் ஓர் உருவத்திற்கு இவ்வளவு போதும். அதே உருவம் விளக்கொளியில் நடந்து வருமாயின், அதன் நிழலைத் தனியே வரைதல் வேண்டும். ஒளி மாறுந்தோறும் உடலின் வண்ணங்களையும் மாற்றித் தீட்டுதல் வேண்டும். ஆகவே இந்தக் கலையில் இருள் என்பது உழைப்பும் செலவும் மிகுந்த பொருள். சிக்கனம் தலைகாட்டும்போது முதலில் மறைவது நிழல்தான்.

வால்ட் டிஸ்னியின் கூடம் தொடக்கத்தில் அச்செலவுக்கு அஞ்சவில்லை. பல அடுக்குக் கண்ணாடிகளில் ஓவியங்களை வைத்து, மேலிருந்து படம் பிடித்து ஆழத்தைக் காட்டும் கருவியை 1937-இல் வெளிவந்த 'ஓல்ட் மில்' என்னும் குறும்படத்தில் அக்கூடத்தார் கையாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் 'ஸ்நோ ஒயிட்' முழுநீளப் படம் அரங்கேறியது. அதற்கான செலவு சுமார் 15 லட்சம் டாலர். காட்டு மரங்கள் கைகளை நீட்டிப் பெண்ணைப் பற்ற வரும் காட்சியும், அரசி கிழவியாக உருமாறும் காட்சியும் அந்நாளைய சிறுவரை நடுங்கச் செய்தன. பிரிட்டிஷ் தணிக்கைக் குழு 1938-இல், 16 வயதுக்கு உட்பட்டோர் பெரியவர் துணையுடனேயே இப்படத்தைக் காணலாம் என்று விதித்தது. 1942-இல் வந்த 'பம்பி'யில், மான்கன்றின் தாய் வேட்டைக்காரனின் குண்டுக்கு இரையாகின்றது. அந்த மரணத்தைத் திரையில் காட்டவில்லை. வெடியோசை மாத்திரம் கேட்கின்றது. பின்னர்ப் பனிபொழியும் காட்டில் கன்று தாயைத் தேடி நிற்கின்றது. அந்த நிசப்தத்தை மறந்தவர் சிலரே.

இவ்வழியின் உச்சமாக 1959-இல் 'ஸ்லீப்பிங் பியூட்டி' வெளிவந்தது. பல்லாண்டு உழைப்பையும் சுமார் 60 லட்சம் டாலரையும் விழுங்கிய அப்படம், முதல் வெளியீட்டில் இட்ட முதலை ஈட்டவில்லை. கூடத்தில் ஆட்குறைப்பு நேர்ந்தது. அடுத்து 1961-இல் வந்த 'நூற்றொரு டால்மேஷியன்கள்' படத்தில், பென்சில் கோடுகளை இயந்திரத்தின் வாயிலாகத் தகட்டுக்கு மாற்றும் ஸெராக்ஸ் முறை புகுந்தது. மையால் கோடிட்ட கைகளுக்கு வேலை குறைந்தது. அது நல்ல படமே, ஐயமில்லை. ஆயினும் சிக்கனம் என்பது நாளடைவில் வழக்கமாயிற்று. 1973-இல் வந்த 'ராபின் ஹூட்' படத்தின் நடனக் காட்சியில், 36 ஆண்டுகளுக்கு முன் ஸ்நோ ஒயிட்டுக்காக வரைந்த அசைவுகளையே மீண்டும் எடுத்தாண்டனர்.

இந்நிலையை ஏற்க மனமில்லாதவர் ஒருவர் அக்கூடத்திலேயே இருந்தார். அவர் பெயர் டான் ப்ளூத். இளமையில் 'ஸ்லீப்பிங் பியூட்டி' படத்தில் உதவி ஓவியராகப் பணிபுரிந்தவர். இடையில் விலகி, 1971-இல் மீண்டும் டிஸ்னி கூடத்திற்கு வந்தவர். பழைய நுட்பங்கள் மறைந்து வருவதைக் கண்டு, மாலைப்பொழுதிலும் விடுமுறை நாள்களிலும் நண்பர்களைத் தம் வீட்டுக் கார் கொட்டகையில் கூட்டி, ஒரு குறும்படத்தைத் தாமே தயாரித்துப் பயிற்சி பெற்றார். 1979 செப்டம்பரில் கேரி கோல்ட்மன், ஜான் பாமராய் ஆகியோருடன் வேலையைத் துறந்தார். மேலும் பல ஓவியர்கள் அவர்களைப் பின்தொடர்ந்தனர். நிலையான ஊதியத்தையும் பெயர்பெற்ற நிறுவனத்தையும் விட்டு, நிழலுக்காக வெளியேறினர் என்று கூறினும் மிகையாகாது.

அவர்கள் படைத்ததே 1982-இல் வெளிவந்த 'தி சீக்ரெட் ஆப் நிம்'. ராபர்ட் ஓப்ரையன் 1971-இல் வெளியிட்ட சிறுவர் நாவலைத் தழுவிய கதை இது. கணவனை இழந்த சுண்டெலித் தாய் ஒருத்தி. அவளுடைய சிறு மகன் நிமோனியாவில் கிடக்கின்றான். அவனை வெளியே எடுத்துச் சென்றால் உயிருக்கு ஆபத்து. வயலை உழும் இயந்திரமோ வந்துகொண்டிருக்கின்றது. வழி கேட்கும்பொருட்டு, எலிகளைத் தின்னும் பெருங்கோட்டானின் பொந்துக்குள் அவள் தன்னந்தனியே நுழைகின்றாள். சிலந்தி வலையும் எலும்பும் நிறைந்த அவ்விருளில், கோட்டானின் இரு கண்கள் தணல்போல் ஒளிர்கின்றன. அந்த ஒளியைப் பெறுவதற்கு, ஒருமுறை பிடித்த சுருளையே மீண்டும் ஓட்டி, கீழிருந்து விளக்கைச் செலுத்திப் படம் பிடித்தனர். ஒளிநிலைக்கு ஏற்ப அச்சுண்டெலி ஒருத்திக்கே நாற்பதுக்கு மேற்பட்ட வண்ணத் தொகுதிகளை வகுத்தனர்.

அச்சமே அறியாத வீரனின் கதையை நாம் வியந்து பார்க்கலாம். ஆனால் அதில் நம்மைக் காண்பதில்லை. இந்தத் தாயோ உடல் நடுங்க நடுங்க முன்செல்கின்றாள். இருள் மெய்யான இருளாகத் தோன்றுவதனால்தான் அவளுடைய துணிவும் மெய்யாகத் தோன்றுகின்றது. நிழலை மிச்சப்படுத்தியிருந்தால், கோட்டான் வெறும் பொம்மையாகியிருக்கும். தாயின் அன்பும் அந்த அளவிற்குச் சிறுத்திருக்கும்.

வெளியான காலத்தில் இப்படத்திற்குப் பெருவெற்றி கிட்டவில்லை. சில வாரங்களுக்கு முன் வந்திருந்த 'ஈ.டி.' என்னும் படம் மக்களைத் தன்பால் ஈர்த்திருந்தது. பின்னர் வீடியோ நாடாக்களின் வாயிலாக 'நிம்' வீடுதோறும் சென்று, தனக்குரிய அன்பர்களைத் தேடிக்கொண்டது. இங்கிலாந்தில் 1978-இல் வந்த 'வாட்டர்ஷிப் டவுன்' படமும் இத்தகையதே. வாழிடம் அழிந்து புது மண் தேடிச் செல்லும் முயல்களின் கதை அது. அனைவரும் காணலாம் என்று அன்று சான்றளித்த பிரிட்டிஷ் குழு, குருதியும் சாவும் நிறைந்த அப்படத்திற்கு 2022-இல், பெற்றோர் வழிகாட்டுதல் தேவை என்று சான்றை மாற்றியது. அச்சுறுத்திய படம் என்றே அதனைப் பலர் நினைவுகூர்கின்றனர், எனினும் கைவிட்டாரில்லை.

இருளும் பொருட்செலவும் இருந்தால் மாத்திரம் போதுமா என்றால், போதாது. டிஸ்னி கூடமே 1985-இல் 'பிளாக் கால்ட்ரன்' என்னும் இருண்ட படத்தைப் பெருஞ்செலவில் எடுத்தது. மிகக் கொடியவை என்று கருதப்பட்ட சில காட்சிகளை வெளியீட்டுக்கு முன் வெட்டினர். படம் தோல்வியுற்றது. எலும்புக்கூட்டுப் படையும் கொம்பு முளைத்த வேந்தனும் கண்ணைக் கவர்ந்தபோதும், சுண்டெலித் தாயைப் போல் நம் நெஞ்சில் இடம்பெறும் ஓர் உயிர் அதில் அமையவில்லை என்பதே நம் கருத்து.

இக்கலை மேல்நாட்டோடு நின்றுவிடவில்லை. டிஸ்னி கூடத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பார், 1956-இல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்கு வந்து நம் நாட்டு ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அங்கு 1957-இல் உருவான 'பனியன் டீர்' என்னும் குறும்படம் புத்த ஜாதகக் கதையைத் தழுவியது. கொலைக்களத்திற்குச் செல்லவேண்டிய சூல்கொண்ட மானுக்கு மாற்றாக, மான்களின் அரசன் தன் தலையை நீட்டும் கதை அது. பாரதத்தில் இக்கலைக்கு வித்திட்ட அப்படத்திலும் நடுநாயகமாக நிற்பது மரண பயமும் அதனை வென்ற கருணையும் அல்லவா? அப்பிரிவில் தொழில் பயின்ற ராம் மோகன், ஜப்பானியரான யூகோ சாகோ முதலியோருடன் சேர்ந்து இயக்கிய இராமாயணச் சித்திரப் படம் 1992-இல் நிறைவுற்றது. பல நூறு கலைஞர் கையால் வரைந்த அப்படம், 2025 ஜனவரியில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் நம் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது. சிறுவயதில் தொலைக்காட்சியில் அதனைக் கண்டோர் இப்போது பெற்றோராயிருந்தனர்.

கணிப்பொறி இன்று விரும்பிய நிழலை நொடியில் அளிக்கின்றது. அதனை நாம் பழிக்கவில்லை. ஆயினும் ஜப்பானிய மேதை மியாசாகி பெரும்பாலும் கையாலேயே வரைவித்து, 2023-இல் வெளியிட்ட 'பாயும் ஹெரானும்' என்னும் படம் மறு ஆண்டு ஆஸ்கர் பரிசு பெற்றது. தீப்பற்றிய நகரில் தாயை இழந்த சிறுவனின் கதை அது. கைவரைச் சித்திரத்திற்கு இன்னும் காண்போர் உளர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஊர் விட்டு ஊர் வந்து, டில்லியிலும் கல்கத்தாவிலும் நாக்பூரிலும் குடும்பம் நடத்தும் நம்மவர் வீடுகளில், இரவில் கதை சொல்லும் பாட்டிமார் பல வேளை உடன் இருப்பதில்லை. அவர்கள் சொன்ன கதைகளில் காடு உண்டு, பேய் உண்டு, அரக்கன் உண்டு. அவற்றைக் கடந்து வீடு சேரும் சிறுவனும் உண்டு. குழந்தை அஞ்சியதும் பாட்டியின் மடியில் முகம் புதைத்துக்கொள்ளும். கதையை மட்டும் நிறுத்தவிடாது. இருண்ட சித்திரப் படங்களையும் குழந்தைகள் அவ்வாறே காண்கின்றனர். அவர்களுக்கு வேண்டுவது, அவ்வேளையில் பற்றிக்கொள்ள ஒரு கை. ஆகையால் இத்தகைய படமொன்று உங்கள் இல்லத்துத் திரையில் ஓடும்போது, அவர்களைத் தனியே விட்டுவிடாது அருகில் அமர்ந்து பாருங்கள். பாட்டியின் மடி இல்லாத இடத்தில் நம் தோள் இருத்தல் வேண்டும்.