டிஸ்லெக்சியா உள்ள குழந்தையை வளர்த்தல்

டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு, பிறவியிலேயே அமையும் கற்றல் குறைபாடுகளில் மிகப் பரவலானது. கண்ணும் காதும் நன்றாக இருக்கும்; அறிவுத்திறனில் குறை இருக்காது; பள்ளிக்கும் ஒழுங்காகப் போய்வருவார்கள். ஆனாலும் எழுத்துக் கூட்டி வாசிப்பதிலும் பிழையில்லாமல் எழுதுவதிலும் இக்குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் திணறுவார்கள். வரையறையைப் பொறுத்து எண்ணிக்கை கூடும், குறையும். பொதுவாக நூறு குழந்தைகளில் 5 முதல் 10 பேருக்கு இது இருப்பதாகக் கொள்வர். மருந்து கிடையாது. வளர்ந்தால் தானாகப் போய்விடுவதும் இல்லை. முறையான பயிற்சியால் வாசிப்பு மேம்படும் என்றாலும், வேகக் குறைவு பெரும்பாலும் பெரியவரான பிறகும் தங்கிவிடும். எனவே பெற்றோரின் பங்கு ஒரு பருவத்தோடு முடிவதில்லை; முதல் வகுப்பில் தொடங்கி கல்லூரி வரை நீள்கிறது.

பெற்றோரால் வளர்ந்த துறை

வில்லியம் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1896இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். படித்த குடும்பத்துப் பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் தன் பெயரைக்கூடச் சரியாக எழுத வரவில்லை. பாடமெல்லாம் வாய்வழியாகவே இருந்தால் பள்ளியிலேயே முதல் மாணவன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். ஒரு குழந்தையின் பிறவிக் குறைபாடாக இதை விவரித்த முதல் மருத்துவக் குறிப்பாக இதையே சொல்வது வழக்கம். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் 1925 முதல் இதை ஆராய்ந்தார். அவரோடு பணியாற்றிய ஆனா கில்லிங்ஹாம், ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் முறையை 1930களில் வகுத்தார். கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, விரலால் எழுதிப் பழகும் அந்த முறைதான் இன்றுள்ள பல பயிற்சிகளுக்கு வேர்.

மருத்துவ இதழ்களுக்குள் கிடந்த விஷயத்தைப் பள்ளிக்கும் சட்டத்துக்கும் கொண்டுபோனவர்கள் பெற்றோர்கள். 1963 ஏப்ரலில் சிகாகோவில் கூடிய பெற்றோர் மாநாட்டில்தான் உளவியலாளர் சாமுவேல் கர்க் ‘கற்றல் குறைபாடு’ என்ற தொடரை முன்வைத்தார். அங்கே கூடியவர்களின் முயற்சியிலிருந்து ஒரு தேசியச் சங்கம் பிறந்தது. 1975இல் அமெரிக்கா இயற்றிய கல்விச் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெற்றது. குழந்தைக்கான தனிக் கல்வித் திட்டத்தை வகுக்கும் மேசையில் பெற்றோருக்கும் நாற்காலி கிடைத்தது. பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கம் 1972இல் அமைந்தது. இந்தியாவில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990களின் தொடக்கத்திலிருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது. மகாராஷ்டிர அரசு 1996இல் தேர்வுச் சலுகைகளை அறிவித்தது. 2007இல் வெளிவந்த ‘தாரே ஜமீன் பர்’ இந்திப் படத்துக்குப் பிறகு, அதுவரை ‘மக்கு’ என்றோ ‘சோம்பேறி’ என்றோ சொல்லிக்கொண்டிருந்த வீடுகளில் சிலவாவது மருத்துவரைத் தேடிப்போயின.

தமிழில் தெரியும் விதம்

ஆங்கிலப் புத்தகங்களில் சொல்லியுள்ள அடையாளங்களைத் தமிழ்க் குழந்தையிடம் அப்படியே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறு. அதனால் அந்த மொழிக் குழந்தை தப்பும் தவறுமாக வாசிக்கிறது. எழுத்தும் ஒலியும் ஓரளவு ஒத்துப்போகும் மொழிகளில் குறைபாடு மெதுவாக வாசிப்பதாகவே வெளிப்படுகிறது. தமிழும் பெருமளவு இந்த வகை. குழந்தை ஒவ்வொரு எழுத்தாகச் சரியாகவே சொல்லும். ஆனால் ‘போய்க்கொண்டிருந்தவர்களிடம்’ போன்ற நீண்ட சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். வரியை வாசித்து முடித்தால் பொருள் தெரியாது. அதே வரியை அம்மா வாசித்துக் காட்டினால் உடனே புரிந்துவிடும். இந்த இடைவெளிதான் பெற்றோர் கவனிக்க வேண்டிய முதல் அடையாளம்.

தமிழ் எழுத்துக்குரிய சிக்கல்களும் உண்டு. 247 எழுத்து என்ற எண்ணிக்கையைவிட, உயிர்க்குறிகள் உட்காரும் இடம் கடினம். ‘கொ’வில் ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் நிற்கின்றன, ஒலிப்பதோ மெய்க்குப் பிறகு ஒரே உயிர். கண் பார்க்கும் வரிசையும் நாக்கு சொல்லும் வரிசையும் இங்கே பிரிகின்றன. ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாவது, புள்ளி விட்டுப்போவது, கால் தொலைவது ஆகியவை மூன்றாம் நான்காம் வகுப்பிலும் ஓயாமல் தொடர்ந்தால் சோதித்துப் பார்ப்பது நல்லது. ல, ள, ழ மயக்கமும் ரெண்டு சுழி, மூணு சுழி குழப்பமும் மட்டும் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. அது பத்திரிகை அலுவலகங்களிலும் உண்டு. வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, பாடப்புத்தகத் தமிழ் வேறு என்பதால், தொடக்கத்தில் எல்லாக் குழந்தைகளுக்குமே ஒரு தடை இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. வீட்டில் யாரும் பேசாத ஆங்கிலத்தில் முதல் எழுத்தைக் கற்கும் குழந்தை வாசிக்கத் திணறினால் அது டிஸ்லெக்சியா ஆகிவிடாது. தாய்மொழியிலும் சோதித்தால்தான் முடிவுக்கு வரலாம். கற்பித்தல் சரியில்லாததால் வரும் பின்னடைவும் வேறு. கொரோனாக் காலத்தில் பள்ளி மூடியதால் வாசிப்பில் பின்தங்கிவிட்ட ஒரு தலைமுறைக்காகத் தமிழ்நாடு அரசு 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வேண்டியிருந்தது நல்ல வகுப்பறை மட்டுமே. பெண் குழந்தைகள் விடுபட்டுப் போவதும் நடக்கிறது. பள்ளிகள் அனுப்பிவைப்பவர்களில் ஆண் பிள்ளைகளே அதிகம். ஆனால் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஆய்வாளர்களே ஆய்வில் சேர்ந்த எல்லாக் குழந்தைகளையும் சோதித்தபோது இருபாலரிடமும் ஏறக்குறைய ஒரே அளவு தெரிந்ததை 1990இல் சாலி ஷேவிட்ஸ் குழுவினர் வெளியிட்டனர். சேட்டை செய்யாமல் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் கவனிப்பதில்லை என்பதே பெண்கள் விடுபடக் காரணம்.

ரிப்போர்ட் வந்த பிறகு

பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, யாரால் வந்தது என்பது. பெரும்பாலும் பழி தாயின் மேல் விழும்: வேலைக்குப் போனாள், போனைக் கொடுத்தாள், செல்லம் கொடுத்துக் கெடுத்தாள். இவற்றில் எதுவும் டிஸ்லெக்சியாவைக் கொண்டுவராது. வளர்ப்பால் வருவதல்ல இது. குடும்ப வழியில் இறங்குவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மருத்துவர் அறிகுறிகளை அடுக்கும்போதே, ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தொழிலுக்குப் போன தகப்பன் தன் கதையையே கேட்பதாக உணர்வதுண்டு. அந்தத் தகப்பன் அதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்வது, எந்த ஆலோசகரின் ஒரு மணி நேரத்தையும்விட மேலான உதவி.

குழந்தையிடம் சொல்லலாமா, மறைக்கலாமா என்பது அடுத்த தயக்கம். சொல்வதே நல்லது. மூன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் குழந்தை தனக்குத்தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டிருக்கும்: முட்டாள். மருத்துவப் பெயர் அதைவிட எவ்வளவோ இதமானது. ஐன்ஸ்டைனுக்கும் இது இருந்தது என்ற ஆறுதல் மட்டும் வேண்டாம்; அதற்கு ஆதாரம் கிடையாது. ஒவ்வொரு டிஸ்லெக்சியாக் குழந்தைக்குள்ளும் ஒரு மேதை ஒளிந்திருக்கிறான் என்பதும் சினிமா தந்த சுமை. ஓவியமும் வராத, ஓட்டமும் வராத சாதாரணக் குழந்தைக்கும் இது வரும். அந்தக் குழந்தைக்கும் மரியாதை உண்டு.

கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. பல குழந்தைகளிடம் உடன் இருப்பதால், பரிசோதனையின்போதே அதையும் கேட்டறிய வேண்டும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது மட்டும் வரும் வயிற்று வலியை நடிப்பு என்று ஒதுக்கக் கூடாது. வாசிக்க எழுப்பிவிடுவார்களோ என்ற பயம் உண்மையான வலியாகவே வரும்.

வீட்டில் செய்யக்கூடியது

தமிழ்க் குடும்பங்கள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் முதல் மருந்து டியூஷன். பள்ளியில் ஏழு மணி நேரம் புரியாத முறையில் நடந்த பாடத்தையே மாலையில் அதே முறையில் இன்னும் இரண்டு மணி நேரம் நடத்துவதுதான் அது. பத்து முறை எழுதச் சொல்லும் இம்போசிஷனும் அப்படியே. குழந்தை பத்து முறையும் தவறாக எழுதித் தவறையே உறுதிப்படுத்திக்கொள்ளும். தேவைப்படுவது வேறு வகைப் பயிற்சி: சொல்லை ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஒலிக்கும் எழுத்தைப் பொருத்தி, சிறு சிறு படியாக, பிழையில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் செய்வது. இது பயிற்சி பெற்ற சிறப்புக் கல்வியாளரின் வேலை. வாரத்தில் சில மணி நேரமாவது, ஆண்டுக்கணக்கில் நடந்தால்தான் பலன் தெரியும்.

அப்படியானால் பெற்றோர் என்ன செய்வது? வீட்டில் இரண்டாவது ஆசிரியர் ஆகாமல் இருப்பதே முதல் பணி. நாள் முழுதும் தோற்றுவிட்டு வரும் குழந்தைக்கு, தோல்வி இல்லாத ஓரிடம் மிச்சமிருக்க வேண்டும். வாசிப்பை முற்றிலும் விட்டுவிடவும் கூடாது. இதற்கு 1970களில் இங்கிலாந்தில் ரோஜர் மார்கன் வகுத்து, கீத் டாப்பிங் பரப்பிய ‘இணை வாசிப்பு’ முறை பொருத்தமானது. பெற்றோருக்கு நீண்ட பயிற்சி ஏதும் வேண்டியதில்லை. புத்தகத்தைக் குழந்தை தேர்ந்தெடுக்கும். இருவரும் சேர்ந்தே உரக்க வாசிப்பார்கள். தனியாக வாசிக்கத் தைரியம் வந்ததும் குழந்தை மெல்லத் தட்டிக் காட்டும், பெரியவர் நிறுத்திக்கொள்வார். குழந்தை ஒரு சொல்லில் தடுக்கினால் நான்கைந்து நொடி பொறுத்து, அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்ல வேண்டும். குழந்தை அதைத் திருப்பிச் சொன்னதும் மறுபடி சேர்ந்து வாசிக்கலாம். ‘நேத்துதானே சொல்லிக் கொடுத்தேன்’ என்பதற்கு அங்கே இடமில்லை. நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

இதோடு, குழந்தைக்குக் கதை வாசித்துக் காட்டுவதைப் பத்து வயதுக்குப் பிறகும் நிறுத்தக் கூடாது. வாசிப்பவர்களுக்குச் சொல்வளம் தானே பெருகுகிறது. வாசிக்காதவர்கள் அதையும் இழந்து மேலும் பின்தங்குகிறார்கள். கனடா உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் இதை 1986இல் விரிவாக விளக்கினார். காது வழியாக அந்த இழப்பை ஈடுசெய்யலாம். ஒலிப்புத்தகங்களும், எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் கைபேசி வசதியும் குறுக்குவழி அல்ல. பார்வை குறைந்தவர் கண்ணாடி போடுவதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை.

வீட்டுப்பாடத்துக்கு நேர எல்லை ஒன்றை ஆசிரியரிடம் பேசி வைத்துக்கொள்ளலாம். அறிவியல் கேள்வியை அம்மா வாசிக்க, குழந்தை வாயால் பதில் சொல்லலாம். சோதிப்பது அறிவியலையே தவிர வாசிப்பை அல்ல. எல்லாக் கவனமும் ஒரு பிள்ளை மேல் போகும் வீட்டில், நன்றாகப் படிக்கும் அக்காவோ தம்பியோ ஓசையில்லாமல் ஒதுங்கிவிடுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அவர்களை இக்குழந்தைக்கு ஆசிரியராக அமர்த்துவது இருவருக்குமே கேடு.

விலக்க வேண்டிய சிகிச்சைகள்

குறைபாடு நீண்டது என்பதால் குறுகிய தீர்வு விற்பவர்களும் வருவார்கள். வண்ணக் கண்ணாடிகள், கண் பயிற்சிகள் ஆகியவை வாசிப்பை மேம்படுத்துவதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகமும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009இல் கூட்டாக அறிவித்தன. உடல் சமநிலைப் பயிற்சி, மூளையைத் தூண்டும் மாத்திரை, விரல்ரேகைச் சோதனை ஆகியவற்றுக்குச் செலவிடும் பணம், நல்ல சிறப்புக் கல்வியாளருக்குப் போக வேண்டிய பணம்.

பள்ளியும் சான்றிதழும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறைபாடுகளின் பட்டியலை 7இலிருந்து 21 ஆக உயர்த்தியபோது குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. கற்றல் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து தக்க கற்பித்தல் முறையைக் கையாள்வது பள்ளிகளின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. கூடுதல் தேர்வு நேரம், சொல்வதை எழுத ஸ்க்ரைப், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளுக்கும் அதில் இடமுண்டு. ஆகவே, இப்படிப்பட்ட பிள்ளையைச் சேர்க்க மாட்டோம், வேறு பள்ளி பாருங்கள் என்று சொல்லும் நிர்வாகத்திடம் பெற்றோர் கெஞ்ச வேண்டியதில்லை. எழுத்தில் கேட்கலாம், எழுத்தில் பதிலும் கேட்கலாம்.

சான்றிதழ் வாங்கினால் பிள்ளையின் எதிர்காலம் பாழாகும், கல்யாணத்துக்கு இடைஞ்சல் வரும் என்று தயங்கும் குடும்பங்கள் ஏராளம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு ஓடிவருவதும் இதே குடும்பங்கள்தான். அதற்குள் பிள்ளை ஏழு ஆண்டுகளை உதவியின்றிக் கடந்திருக்கும். மொழி விலக்குக்கும் ஒரு விலை உண்டு: தமிழை விட்டுவிட்ட குழந்தைக்குப் பின்னாளில் தமிழ் வாசிப்பு எட்டாமலே போகலாம். கூடுதல் நேரமும் ஸ்க்ரைபும் போதுமா என்று முதலில் பார்த்து, முடியாதபோது மட்டும் விலக்குக் கேட்பதே சரி.

சான்றிதழுக்கான வழிமுறையை மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்டது. அதன்படி குழந்தைநல மருத்துவர் பார்வையையும் செவியையும் சோதிப்பார். மருத்துவ உளவியலாளர் அறிவுத்திறனை அளப்பார். பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைக் கொண்டு கற்றல் குறைபாடு மதிப்பிடப்படும். எட்டு வயது நிறைந்த பிறகே சான்றிதழ் என்றது அந்த 2018 வழிமுறை. அதற்காக எட்டு வயதுவரை பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. சந்தேகம் எழுந்த நாளிலேயே தொடங்கலாம். 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு உண்டு என்றும் அந்த வழிமுறை சொன்னது. 18 வயதில் வழங்கும் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும் என்றது.